சொல் தந்தவர்

2025 ஜூலை 10, வியாழக்கிழமை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் நான். இருவர் காதிலும் டெலிபோன். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம், நவம்பரில் அவனுக்கு வாங்க வேண்டிய சட்டையின் அளவைப் பற்றிப் பேசினோம். அன்று நான் சொல்லாமல் வந்தது ஒன்றுதான். ‘உனக்கு மட்டும்’ என்று அவன் சொன்னதை நான் எழுதிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை அது அச்சில் வரும். சொல்லியிருந்தால் ‘வேணாம்க்கா’ என்றிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை.

அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் எழுதிக்கொண்ட கடிதங்களைத் தேதி வரிசையில் வைக்கிறேன். அவன் பெயர் பிரவின், வயது இருபத்து நான்கு. 2023 மார்ச்சில் கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குள் அவனுடைய நண்பர்கள் இருவர் திருடப் புகுந்தார்கள். கடைக்காரரின் கை உடைந்தது. தம்பி வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து காவல் பார்த்தான். நான்கு வருடத் தண்டனை, நன்னடத்தைக் கழிவு போக 2025 நவம்பரில் விடுதலை. தமிழை ஆறாம் ஆண்டுவரைதான் படித்தான், பேசுகிறபடியே எழுதுவான். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

*

பிரிக்ஃபீல்ட்ஸ், 3.2.2025

அன்புத் தம்பி பிரவின்,

நானும் அம்மாவும் சுகம். உன் இருமல் விட்டதா? மருந்து கேட்டால் கொடுக்கிறார்களா?

ஒரு நல்ல செய்தி. ஷாமினி அக்காவை நினைவிருக்கிறதா, எங்கள் நாளிதழின் ஞாயிறு மலர் ஆசிரியர்? பிழை திருத்திக்கொண்டே இருந்தது போதும் என்று எனக்கு ஒரு பத்தி கொடுத்துவிட்டார். ‘சொல் வந்த வழி’ என்று பெயர். நாம் இங்கே புழங்கும் கொச்சைச் சொற்கள் எந்த மொழியிலிருந்து வந்தன, வரும் வழியில் என்னவாயின என்று வாராவாரம் ஒரு சொல்லாக எழுத வேண்டும். சொல்லை அனுப்பிய வாசகரின் பெயரும் ஊரும் கட்டுரைக்குக் கீழே ‘சொல் தந்தவர்’ என்று வரும். “அந்தப் பேருக்காகவே நாலு பேர் பேப்பர் வாங்குவாங்க, எழுதிப் பாரு” என்கிறார்.

நீ லோரியில் வேலை செய்தவன். உன்னிடம் இருக்கும் சொற்கள் என் அலமாரியில் இல்லை. தோன்றுவதை எழுதி அனுப்பு. உனக்கும் பொழுது போகும்.

அம்மா வரவில்லையே என்று வருத்தப்படாதே. முழங்கால் வலிதான் காரணம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா அமுதவள்ளி

*

20.2.2025

அக்கா,

நான் நல்லா இருக்கேன். இருமல் போயிருச்சி. தமிழ்க் கடுதாசி எல்லாம் லேட்டாத்தான் வரும், கோவிச்சிக்காத. இந்தப் பக்கம் தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச வார்டர் ஒருத்தர்தான், வாசு சார். அவரு படிச்சி முத்திரை குத்தினாத்தான் உள்ள வரும், வெளிய போவும். அவரு லீவு போட்டா கடுதாசியும் லீவு.

சொல்லு கேட்டியே. ‘கோஸ்தான்’ எழுதிக்க. லோரி பின்னால போவும்போது நான் எறங்கி நின்னு “கோஸ்தான், கோஸ்தான்”னு கத்துவேன். அது மலாய்னு நெனச்சேன். எங்க டிரைவர் தமிழுன்னு சொல்வாரு. பக்கத்து லோரி சீனன் அவங்க பாஷைன்னு சொல்வான். எவன் சொல்றது நெசம்?

அம்மா முழங்கால் சும்மா சொல்ற கதைன்னு எனக்குத் தெரியும். பரவால்ல.

பிரவின்

*

பிரிக்ஃபீல்ட்ஸ், 10.3.2025

அன்புத் தம்பி,

சுகம்தானே? கடிதம் கிடைத்த அன்றே வேலையை ஆரம்பித்தேன். மூன்று பேர் சொன்னதும் நிஜமில்லை. அது ஆங்கிலம். கப்பலைப் பின்னோக்கிச் செலுத்த மாலுமிகள் ‘கோ அஸ்டர்ன்’ என்பார்கள். துறைமுகத்தில் மலாய்க்காரர்கள் காதில் விழுந்து ‘கோஸ்தான்’ ஆகி, கரையேறி, லோரியில் ஏறிக்கொண்டது. கடலில் பிறந்த சொல்லை நீ கிள்ளானில் ஒரு சந்துக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தாய்.

நேற்றைய மலரில் வந்துவிட்டது. கீழே ‘சொல் தந்தவர்: பிரவின், கிள்ளான்’. அம்மா அந்த வரியைக் கத்தரித்துப் பணப்பைக்குள் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி ஆன்டியிடம் காட்டினாராம். “ஜொகூர்ல வேலைன்னீங்க, கிள்ளான்னு போட்டிருக்கே?” என்று கேட்டாராம். “சொந்த ஊரத்தான போடுவாங்க” என்றாராம் அம்மா. நீ ஜொகூரில் இருப்பதாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார். உனக்கு இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

இன்னும் சொற்கள் அனுப்பு.

உன் அக்கா

*

2.4.2025

அக்கா,

நான் சௌக்கியம். பேப்பர் இங்க மூணு நாள் கழிச்சி வரும், நாப்பது பேர் கை மாறி. தம்புசாமி அண்ணன்தான் என் பேரப் பாத்தாரு. எங்க செல்லுல அவருதான் பெரியாள், அவரு சொல்றதுதான் நடக்கும். சத்தமா படிச்சிக் காமிச்சாரு. எல்லாரும் கை தட்டினாங்க. அப்பறம் “டேய் அகராதி, இங்க வாடா”ன்னு கூப்புட்டாரு. அன்னையிலிருந்து எனக்கு அதான் பேரு. திமிரு புடிச்சவன்னும் சொல்லிக்கலாம், சொல்லு தெரிஞ்சவன்னும் சொல்லிக்கலாம், உன் இஷ்டம்னு சொல்றாரு.

இப்ப ஆளாளுக்குச் சொல்லு குடுக்கறாங்க. பாதி கெட்ட வார்த்தை, உனக்கு அனுப்ப முடியாது. தம்புசாமி அண்ணன் ‘மண்டோர்’ குடுத்தாரு. அவங்கப்பா எஸ்டேட்ல ஆளுங்கள வேலை வாங்கற மண்டோரா இருந்தாராம். அது எந்த ஊரு சொல்லுன்னு கேட்டுச் சொல்லணுமாம். போட்டா அவரு பேரு போட வேணாமாம், என் பேரே போட்டுக்கச் சொன்னாரு.

நெசமா சொல்றேன், இந்த ரெண்டு வருஷத்துல என்னைப் பாத்து எவனும் கை தட்டல.

இன்னும் ஏழு மாசம் பதினெட்டு நாள்.

பிரவின்

*

பிரிக்ஃபீல்ட்ஸ், 28.4.2025

அன்புத் தம்பி,

நலம். இங்கே வெயில் கொளுத்துகிறது. மோனோரயிலுக்கு நடப்பதற்குள் சட்டை நனைந்துவிடுகிறது. அங்கே காற்று வருமா?

தம்புசாமி அண்ணனிடம் சொல்: அவருடைய அப்பா செய்த வேலைக்குப் பெயர் வைத்தவர்கள் போர்த்துகீசியர்கள். ‘மண்டடோர்’ என்றால் கட்டளையிடுபவன். மலாயில் நுழைந்து சுருங்கிவிட்டது. சென்ற ஞாயிறு உன் பெயரில் வந்தது, பார்த்திருப்பாய். உன் பெயர் இதோடு நான்கு முறை வந்துவிட்டது. பங்சாரிலிருந்து ஒரு ரிட்டயர்ட் ஆசிரியர், “அந்தக் கிள்ளான் பிரவின் யார், நல்ல காது” என்று எழுதியிருக்கிறார். நான் பதில் எழுதவில்லை.

ஒரு சொல்லை நான் இரண்டு வருடமாக எடுத்து வைத்திருக்கிறேன். கோர்ட்டில் உன் வாக்குமூலத்தை மலாயில் வாசித்தார்கள், அதில் நீ செய்த வேலைக்கு ‘ஜாகா’ என்று போட்டிருந்தது. அந்த நாள் முழுக்க எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். சமஸ்கிருதத்தில் விழித்திருப்பது. சிவராத்திரிக்குக் கண் விழிப்பதை ஜாகரணம் என்கிறோமே, அது. நம் ஜாக்கிரதையும் அதே வேர்தான். மலாயில் விழித்திருப்பதோடு காப்பதும் சேர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் பேங்க் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த பஞ்சாபிக் காவலாளிக்கு அது பெயராயிற்று. நாம் அதை எடுத்து வினையாக்கிக்கொண்டோம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா வேலைக்குக் கிளம்புகையில் தினமும் என்னிடம் சொன்னது, “தம்பிய ஜாகா பண்ணிக்க.”

உள்ளே அந்தச் சொல் புழங்குகிறதா? என்ன பொருளில்? கட்டுரைக்கு அது மட்டும்தான் குறைகிறது.

உன் அக்கா

*

22.5.2025

அக்கா,

நான் நல்லா இருக்கேன். அம்மாவக் கேட்டேன்னு சொல்லு.

ஜாகாவுக்கு இவ்வளவு கதையா? தம்புசாமி அண்ணன்கிட்ட படிச்சிக் காமிச்சேன். “அப்ப நம்ம எல்லாம் சாமிக்குக் கண்ணு முழிச்ச மாதிரிதான்டா”ன்னு சிரிச்சாரு.

நீ கேட்டதுக்கு ஆமா, இங்கயும் அந்தச் சொல்லு இருக்கு. கடுதாசியில எழுத முடியாது. வாசு சார் படிப்பாரு. (சார், வணக்கம்.) நேர்ல வரும்போது சொல்றேன்.

ஆறு மாசத்துக்கு ரெண்டு நாள் கம்மி.

பிரவின்

[இந்தக் கடிதத்தின் ஓரத்தில், முத்திரைக்குப் பக்கத்தில், பென்சிலால் ‘வணக்கம்’ என்று எழுதியிருந்தது. ஷாமினியிடம் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.]

*

ஜூன் 12 அன்று போனேன். பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது, யாரும் யாரையும் கவனிக்கவில்லை.

“மத்தியானம் சோறு முடிஞ்சி பூட்டிருவாங்க,” என்றான். “ரெண்டு மணிக்கு ஆள் எண்ணுவாங்க. அதுக்குள்ள ஒரு சாமான் கை மாறும்.”

“என்ன சாமான்?”

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதோரம் சொறிவதுபோல வைத்து எடுத்தான். “தம்புசாமி அண்ணனோடது. வீட்டுக்குப் பேசுவாரு. மத்தவங்களுக்கும் குடுப்பாரு. கதவுகிட்ட படுத்துக்கிட்டு ஆள் வருதான்னு பாக்கறவன் ஜாகா.”

“யாரு?”

“வேற யாரு.”

“நீயா? டேய், நவம்பர்ல வெளிய வரணும்டா!”

“மாட்டேன்னு சொல்லிட்டு நவம்பர் வரைக்கும் நான் எங்கக்கா படுக்கறது?”

அவனே முகத்தை மாற்றிக்கொண்டு, “ஆள் வந்தா எப்படிச் சொல்வேன் தெரியுமா?” என்று நாக்கை மேலண்ணத்தில் தட்டினான். டெலிபோனில் அசல் பல்லியின் சத்தம் கேட்டது. “மலாய்க்கார வார்டர் கண்டுக்க மாட்டாரு. நம்ம ஆளா இருந்தா ‘கிருஷ்ணா கிருஷ்ணா’ன்னு சுவத்தத் தட்டிட்டுப் போவாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

“இது உனக்கு மட்டும்க்கா.”

“சரிடா,” என்றேன்.

*

பிரிக்ஃபீல்ட்ஸ், 18.6.2025

அன்புத் தம்பி,

உன்னைப் பார்த்து வந்ததிலிருந்து மனம் இலேசாக இருக்கிறது. மெலிந்திருக்கிறாய், ஆனால் முகம் தெளிந்திருக்கிறது. அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

அம்மா உனக்குப் பின்னறையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டார். நவம்பருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்றால், “பெயிண்ட் வாசம் போக வேணாமா?” என்கிறார். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பழைய கைதிகளையும் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று ஷாமினி அக்கா சொன்னார். விசாரித்து வைக்கிறேன்.

இந்த மாதம் எழுதுகிற வேலை அதிகம். எதைப் பற்றி என்று நேரில் சொல்கிறேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி வருவேன்.

அதுவரை எந்த வம்புக்கும் போகாதே.

உன் அக்கா

*

[ஜூலை 13 ஞாயிறு மலரில் ‘ஜாகா’ வந்தது. சிறை என்ற சொல்லை நான் எங்கும் எழுதவில்லை. கைப்பேசியைப் பற்றியும் எழுதவில்லை. ‘பூட்டிய அறையில் பலர் சேர்ந்து வாழும் ஓரிடத்தில்’ என்று மட்டும் சொல்லி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவருகே படுத்திருப்பவனைப் பற்றியும் பல்லியின் சத்தத்தைப் பற்றியும் எழுதினேன். நான் எழுதியவற்றில் அந்தப் பத்திதான் சிறந்தது என்று ஷாமினி சொன்னார். “சொல் தந்தவர் யாரு? கீழ காலியா இருக்கே,” என்று கேட்டார். “இந்த வாரம் வேண்டாம்,” என்றேன். தம்பியைக் காப்பதாக நினைத்தேன். பத்தி ஆரம்பித்து இருபத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பெயரில்லாமல் வந்தது அந்த வாரம் மட்டும்தான்.]

*

20.7.2025

அக்கா,

நான் நல்லா இருக்கேன். நீயும் அம்மாவும் சௌக்கியமா?

புதன்கிழமை பேப்பர் வந்துச்சி. ஜாகா படிச்சோம். நல்லா எழுதியிருக்க. பல்லி எடம் வந்ததும் யாரும் சிரிக்கல. தம்புசாமி அண்ணன் ரெண்டு வாட்டி படிச்சாரு. அப்பறம் பக்கத்தக் கீழ வரைக்கும் பாத்தாரு. “இந்த வாரம் சொல்லு தந்தவன் இல்லையாடா அகராதி?”ன்னு கேட்டாரு. தெரியலண்ணேன்னு சொன்னேன். “ஒவ்வொரு வாரமும் போடுவாங்களே”ன்னாரு.

பத்துப் பேரு ஒரே பேப்பர் மேல குனிஞ்சிக்கிட்டு சத்தமில்லாம இருந்தா யாருக்கும் சந்தேகம் வரும். ஆபீசர் ஒருத்தர் வந்து பேப்பர வாங்கிட்டுப் போனாரு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒண்ணரைக்கு செக்கிங். நேரா எங்க செல்லுக்குத்தான் வந்தாங்க. ஒரு சாமான் கெடச்சிது. தம்புசாமி அண்ணன தனி அறைக்குக் கொண்டு போயிட்டாங்க. அவரு ஆளுங்க இங்கதான் இருக்காங்க.

ஒரு மாசத்துக்கு விசிட் இல்லையாம். பத்தாம் தேதி வந்தியே, அப்ப எழுதி முடிச்சிட்டியா? சும்மா கேட்டேன்.

பிரவின்

*

பிரிக்ஃபீல்ட்ஸ், 29.7.2025

அன்புத் தம்பி,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நலமாக இருக்கிறாய் என்று எழுதியிருப்பதை நம்புகிறேன்.

உன்னிடம் கேட்காமல் எழுதியது தவறுதான். ஆனால் உன் பெயரைப் போடாமல் விட்டது உன் நன்மைக்காகத்தான், அதைப் புரிந்துகொள். பெயரும் ஊரும் இல்லாதபோது அது எந்த இடத்தைப் பற்றியது என்று யாரால் நிரூபிக்க முடியும்? கதவருகே காவல் படுப்பது உலகத்தில் எந்த விடுதியிலும் நடக்கக்கூடியது. கேட்டால் அப்படியே சொல்.

கட்டுரைக்கு வந்ததுபோல வேறெதற்கும் வாசகர் கடிதம் வரவில்லை. நம் ஜாகை என்ற சொல்லும் இதுவும் ஒன்றுதானே என்று நால்வர் கேட்டிருந்தார்கள். அது வேறு வேர், ‘இடம்’ என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல். அடுத்த வாரம் விளக்கம் எழுதுகிறேன்.

வாசு சாரிடம் சொல்லி வேறு அறை கேட்டுப் பாரேன்.

விசிட் திறந்த அன்றே வருவேன்.
அக்கா

*

9.8.2025

அக்கா,

நல்லா இருக்கேன். படியில வழுக்கிட்டேன், ஒரு பல்லு ஆடுது, எடது காது அடைச்ச மாதிரி இருக்கு. மருந்து குடுத்தாங்க.

விடுதி அது இதுன்னு எழுதியிருந்தியே, அதெல்லாம் கோர்ட்டுக்குச் சரி. இங்க யாரும் நிரூபிக்க மாட்டாங்க. “உன் பேர நாலு வாட்டி போட்டாங்க, அஞ்சாவது வாட்டி ஏன்டா போடல?”ன்னுதான் என்கிட்ட கேக்கறாங்க.

நான் ஒண்ணு யோசிச்சேன். அடுத்த பேப்பர்ல திருத்தம்னு ஒண்ணு போடு. ஜாகாவுக்குச் சொல் தந்தவர் பேரு விட்டுப்போச்சி, அவரு இன்னாருன்னு போடு. வல்லிபுரம், ரவாங், ஹாஸ்டல் வார்டனா இருந்து ரிட்டயர் ஆனவருன்னு போடு. நான் யோசிச்ச பேருதான், வேற நல்ல பேரு இருந்தாலும் சரி. ஒரு வரி போதும். அதக் காமிச்சா போதும்னு தம்புசாமி அண்ணன் சொல்லி அனுப்பியிருக்காரு. அவரு கெட்டவரு இல்ல. அவருக்கும் ஆளுங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் வேணும்.

அறை மாத்த வாசு சார் எழுதிக் குடுத்திருக்காரு. கையெழுத்து வரணும்.

சீக்கிரம் போடுக்கா.

பிரவின்

[இந்தக் கடிதத்தின் ஓரத்திலும் பென்சில் எழுத்து இருந்தது: ‘அவசரம்.’]

*

பிரிக்ஃபீல்ட்ஸ், 16.8.2025

அன்புத் தம்பி,

உன் பல்லும் காதும் எப்படி இருக்கின்றன? விழுந்ததாக எழுதியிருந்தாய். நான் வேறெதுவும் கேட்கவில்லை.

நீ சொன்ன திருத்தம் கட்டாயம் வரும். நீ சொன்ன பெயரே, ஊரே. ஆனால் உன் கடிதம் என் கையில் கிடைக்கும்போது இந்த வாரப் பக்கம் முடிந்துவிட்டது. ஆகவே 24ஆம் தேதி மலரில் வரும். பெட்டி கட்டி, கண்ணில் படுகிறபடி போடச் சொல்லியிருக்கிறேன். விரைவு அஞ்சலில் இதை அனுப்புகிறேன். 24 என்று அவர்களிடம் சொல். இந்தக் கடிதத்தையே காட்டு.

இன்னும் ஒரு வாரம்தான். யாரோடும் தனியாக இருக்காதே.

அக்கா

*

20.8.2025

மதிப்பிற்குரிய அமுதவள்ளி அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் வாசு. உங்கள் கடிதங்களைப் படிக்கும் வார்டர். நான் இப்படி எழுதக்கூடாது. வீட்டு முகவரியிலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் 16ஆம் தேதிக் கடிதத்தைத் திங்கட்கிழமை நானே கொண்டுபோய்ப் பிரவினிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். “இருபத்து நாலுக்கு எத்தன நாள் சார்?” என்று கேட்டார். ஆறு நாள் என்றேன். பேப்பர் இங்கே வர இன்னும் மூன்று நாள் ஆகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேற்றுக் காலை குளியலறையில் விழுந்து கிடந்தார். விழுந்துவிட்டார் என்றுதான் பதிவாகியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நினைவில்லை. உங்களுக்கு முறைப்படி டெலிபோன் வந்திருக்கும்.

அறை மாற்றத்துக்குக் கையெழுத்து இன்று மாலை வந்தது.

இன்னொன்றும் நான் சொல்ல வேண்டும். ஜூலையில் அந்தப் பேப்பரை ஆபீசர் என்னிடம்தான் கொண்டுவந்தார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மலாயில் வரிக்கு வரி சொன்னேன். பல்லியையும் சொன்னேன். அந்தச் சத்தத்துக்கு நான் எத்தனையோ தடவை சுவரைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறேன். படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். வேலை, சொல்லிவிட்டேன்.

உங்கள் பத்தியை ஒவ்வொரு வாரமும் படிப்பேன்.

மன்னிக்கவும்.
வாசு

*

வாசுவின் கடிதம் ஆகஸ்டு 23 அன்று எனக்குக் கிடைத்தது.

தம்பியின் ஒன்பதாம் தேதிக் கடிதம் வந்தது 14ஆம் தேதி, வியாழக்கிழமை காலையில். மலரின் பக்கங்கள் வெள்ளிக்கிழமை மாலைதான் அச்சுக்குப் போகும். ஷாமினி கேட்டார்: “ஒரு வரிதானே, இன்னைக்கே போட்டுரலாமா?” இல்லாத ஒருவரின் பெயரை அந்த இடத்தில் அதுவரை நான் அச்சிட்டதில்லை. ஒரு நாள் யோசிக்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை மாலையும் யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கம் முடிந்துவிட்டது என்று அவனுக்கு எழுதியது பொய்.

அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். இரண்டரை வருடத்தில் அன்றுதான் அவனைப் பார்த்தார்.

பிரவின் ஆகஸ்டு 21, வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு இறந்தான். இருபத்து நான்காம் தேதி மலரில் திருத்தம் வெளிவந்தது.